மூலைமட்டம் இல்லாத சமையலறை

பெப்ரவரி 3, திங்கள்

வீடு பார்க்க வந்தவர்கள் இந்த முறையும் வேண்டாமென்று போய்விட்டார்கள். ஏஜெண்டு போனில் நீட்டி முழக்கிச் சொன்னதன் சுருக்கம் இதுதான்: வீடு பிடித்திருக்கிறது, பின்வளவு பிடித்திருக்கிறது, சமையலறையைக் கண்டதும் முகம் சுருங்கிவிடுகிறது. எனக்கும்தான் சுருங்குகிறது. நான் யாரிடம் போய்ச் சொல்ல?

சிங்குக்குப் பக்கத்து மூலையில் சமையல் மேடையாக இருக்கிற இரண்டு வேர்க்டொப் பலகைகளும் சேருகிற இடம் தண்ணீர் குடித்து ஊதிப்போய் நிற்கிறது. மேலே ஒட்டியிருக்கும் லமினேட் உரிந்து, துடைக்கிற துணியெல்லாம் அதில் மாட்டிக் கிழிகிறது. மகள் ஆரணி பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அப்படித்தான். அவள் கலியாணம் கட்டி பேர்மிங்காமுக்குப் போயும் விட்டாள்.

இத்தனைக்கும் என் புருஷன் யோகராசாவின் தொழிலே கிச்சின் பூட்டுவதுதான். ஹரோவில் தொடங்கி ஹவுன்ஸ்லோ வரைக்கும் ஊரார் வீட்டுச் சமையலறைகளைப் போய்ப் பாருங்கள், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அவர் பெண்சாதி மட்டும் ஊதின பலகையில் மரக்கறி வெட்டவேண்டும்.

மார்கழியில் இருவருமாக இருந்து கதைத்து முடிவெடுத்தோம். வீட்டை விற்பது, அதோடு ஆளுக்கொரு பக்கம் போவது. சண்டை ஒன்றுமில்லை. சண்டை பிடிக்கவும் உடம்பில் தென்பு வேண்டுமே. ஆரணிக்கு மட்டும் தெரியும். சொந்தக்காரருக்கும் கோயில் ஆட்களுக்கும் பிறகு சொல்லலாம் என்று விட்டிருக்கிறோம். வீடு விலைப்பட்டால்தான் எனக்கென்று ஒரு கதவும் சாவியும். அது நடக்கும்வரைக்கும் இந்த மூலையோடு மாரடிக்க வேண்டியதுதான்.

பின்னேரம் அவரிடம் சொன்னேன். "இஞ்சருங்கோ, உந்த மூலையாலதான் வீடு விலைப்படுகுதில்லையாம்."

எழும்பிப் போய் மூலையைத் தடவிப் பார்த்தார், இன்றைக்குத்தான் காண்கிறவர் மாதிரி. "செய்துவிடுறன்" என்றார்.

வருடக்கணக்காக நான் கேட்டு வராத சொல், ஏஜெண்டு கேட்டதும் வந்துவிட்டது.

பெப்ரவரி 5, புதன்

மழை. நான் வேலை செய்கிற பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் இன்றைக்கு முழுக்க உருளைக்கிழங்கு உரித்தேன். கால் வீங்கியிருக்கிறது. எழுத ஒன்றுமில்லை.

பெப்ரவரி 8, சனி

பழைய பலகையைக் கழற்றிவிட்டார். சிங்கும் கழன்றுவிட்டதால் குளியலறையில் கோப்பை கழுவுகிறேன். குனிந்து கழுவி இடுப்பு, நாரியெல்லாம் விட்டுப்போகிறது.

மூலை நேராய் இருக்கிறதா என்று பார்க்கிற மூலைமட்டத்தைச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இஞ்ச வந்து பாரும். சுவர் மூலைமட்டம் இல்லை. இந்தப் பக்கம் ஒரு விரல் வெளியால போகுது. மூட்டு வடிவா வராது."

"இதுக்காகத்தானோ இவ்வளவு காலமும் தொடேல்ல?"

"சரியா வராதெண்டு தெரிஞ்சுகொண்டு எப்பிடித் தொடுறது?"

"மற்ற ஆக்களின்ர வீட்டுச் சுவரெல்லாம் நேராத்தான் நிக்குதோ?"

"மற்றவன்ர வீட்டில ஓரளவுக்கு வந்தாக் காணும். இது எங்கட வீடெல்லோ."

இந்த நியாயத்தைக் கேட்டு எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஆனால் மனிதர் எப்போதும் இப்படித்தான். ஆரணியின் கலியாணத்தில் தகப்பனை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். கிழமைக்கணக்காக எழுதினார், கிழித்தார், திரும்ப எழுதினார். கடைசியில் நல்லாக வரவில்லை என்று மேடைக்கே ஏறவில்லை. பிள்ளை மாலையும் கழுத்துமாக அப்பாவைத் தேடிக்கொண்டு நின்றது. கோணலாய்ச் செய்வதைவிடச் செய்யாமல் விடுவது மேல் என்பது அவர் கணக்கு. செய்யாமல் விட்ட இடமெல்லாம் எனக்கு ஊதிப்போய் நிற்கிறது.

பெப்ரவரி 9, ஞாயிறு

புதுப் பலகை கொண்டுவந்தார். அவரோடு வேலைக்குப் போகிற கூட்டாளி கனடாவுக்குப் போய்விட்டதால், அவருடைய வேலை வண்டியான வானிலிருந்து இறக்க மற்றத் தலைப்பை நான்தான் பிடிக்க வேண்டியிருந்தது. பாரம் என்றால் அப்படியொரு பாரம். வழி நெடுக "மெல்ல, மெல்ல" என்றார். எனக்கோ பலகைக்கோ தெரியவில்லை.

சாம்பல் நிறத்தில் வெள்ளைப் புள்ளி. ஆரணி சின்னப் பிள்ளையாய் இருந்த நேரம் ஒருநாள் கடையில் இதே நிறத்தைத் தடவிப் பார்த்து, "இதெண்டால் வடிவு" என்று சொன்னேன். அவருக்கு அது எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது? மலிவு விலையில் போட்டிருப்பார்கள்.

பெப்ரவரி 15, சனி

காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னேன். "ரேனர்ஸ் லேனில ஒரு பிளாட் பாத்திருக்கிறன். மேல்மாடி. ஸ்டேசனுக்குக் கிட்ட."

"ம்."

"ஒரு அறைதான். எனக்கு அது காணும்."

"ஓம். ஒராளுக்குக் காணும்."

கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, முகமூடியைப் போட்டுக்கொண்டு பின்வளவுக்கு வெட்டப் போனார்.

இந்தப் பலகையின் முன்விளிம்பு உருண்டையாய் வளைந்து இறங்கும். அதனால் மூலையில் ஒன்றையொன்று வெறுமனே முட்டவைத்தால் வளைவில் ஓட்டை விழும். முன்னுக்குக் கொஞ்சத் தூரம் சரிவாகவும் மிச்சத்தை நேராகவும் வெட்ட வேண்டும். ஒரு பலகையின் வெட்டு மற்றதற்கு எதிர்க்கையாய் வர வேண்டும். எந்தக் கை என்று பென்சிலால் எழுதிவைத்துத்தான் மெஷினைத் தொடுவார். கூட வேலை செய்தவர்கள் மாறி வெட்டிய கதைகளை வீட்டுக்கு வந்து எத்தனை தரம் நக்கலாய்ச் சொல்லியிருக்கிறார்.

மெஷின் இரைந்து ஓய்ந்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். பலகையின் முன்னால் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறார்.

"என்னப்பா?"

"மாறி வெட்டிப்போட்டன்."

போய்ப் பார்த்தேன். உருண்டை விளிம்பு சுவர்ப் பக்கம் போகிற மாதிரி வெட்டியிருக்கிறார். தலையில் கைவைக்க வேண்டிய நேரம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"கண்ணாடி மாத்த வேணும் உங்களுக்கு" என்றேன்.

வயது போகிறது, வேறென்ன. மத்தியானம் சொதியும் இடியப்பமும் செய்தேன். பசிக்கவில்லை என்றார். இடியப்பத்துக்குப் பசிக்கவில்லை என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

பெப்ரவரி 16, ஞாயிறு

அதே நிறத்தில் இன்னொரு பலகை தேடிப் போயிருக்கிறார். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. இதற்குத்தானே ஆசைப்பட்டேன், இருந்து அனுபவிப்போம்.

பெப்ரவரி 22, சனி

மூட்டுப் பொருத்தியாயிற்று. உடம்பெல்லாம் நோகிறது, ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

இந்த முறை வெட்டுமுன் என்னைக் கூப்பிட்டு, "சரியான பக்கமோ பாரும்" என்று கேட்டார். கலியாணம் கட்டின நாளிலிருந்து வேலையில் என்னை ஒன்று கேட்டது இதுதான் முதல் தடவை. பார்த்துச் சரி என்றேன். சுவர் வெளியால் போகிற இடத்தில் பூச்சைச் செதுக்கி, பலகையின் பின்பக்கம் உள்ளே போய் இருக்கிற மாதிரிச் செய்தார். பிறகு வெட்டுமுகத்தில் பலகையின் நிறத்துக்கே வருகிற பசையைப் பூசினார்.

"இது கெதியா இறுகிவிடும். நான் கீழ போய் போல்ட்டை முறுக்குறன். நீர் மேல விரலை வைச்சு, எந்தப் பக்கம் உயருது எண்டு சொல்லும். கண்ணால பாக்காதையும். கண் ஏமாத்தும்."

அலுமாரிக்குள் தலையை விட்டு மல்லாக்கப் படுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு மூட்டின்மேல் விரலை ஓட்டினேன். பலகைக்கு மேலே நான், கீழே அவர். ஆளையாள் முகம் தெரியாது.

"இப்ப?"

"சிங்குப் பக்கம் உயரம்."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம். ஒரு மயிரிழை."

"முன்னுக்கு எப்பிடி?"

"முன்னுக்குச் சரி. நடுவில இடறுது."

இப்படியே போனது. இருவருமாக இவ்வளவு கதைத்து எவ்வளவு காலம். போல்ட் முறுகுகிற சத்தம் நின்றது. கீழேயிருந்து குரல் வந்தது.

"ஞானேஸ். மாமின்ர செத்தவீட்டுக்கு நான்..."

"பசை இறுகப்போகுது" என்றேன். "நடுவில இன்னும் இடறுது. முறுக்குங்கோ."

 பிறகு முறுக்கினார்.

பசை இறுகிவிடும் என்றுதான் இடையில் மறித்தேன். அவர்தானே கெதியா இறுகும் என்று சொன்னார்.

அம்மா செத்ததற்கு அவர் வரவில்லை. பின்னர் என்கிற இடத்தில் ஒரு கிச்சின் அரைகுறையில் நிற்கிறது என்றார். தனியே ஊருக்கு, அளவெட்டிக்குப் போனேன். மருமகன் எங்கே, மருமகன் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் காய்ச்சல் என்றும் வேலை என்றும் ஆளுக்கொரு பொய் சொன்னேன். திரும்பி வந்தபோது ஹீத்ரோவில் நின்றார். பெட்டியை வாங்கினார். "பயணம் எப்பிடி?" என்று கேட்டார். அதற்குமேல் அம்மாவைப் பற்றி ஒரு சொல் இல்லை, இன்றுவரைக்கும். வராததைக்கூட மறந்திருப்பேன். அந்த ஒரு சொல் வராததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

விரலை எடுக்கும்போது எது எந்தப் பலகை என்று எனக்கே தெரியவில்லை. வழிந்த பசையை வழித்துத் துடைத்துவிட்டு, அவர் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். நல்லாயிருக்கிறது என்று சொல்லமாட்டார். சொல்லவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

ஒரு சோடி வந்து பார்த்தது. நம்முடைய தமிழ்ப் பிள்ளைகள்தான். பெண் லக்சிகா, வயிற்றில் ஆறு மாதம். பொடியன் நிமலன், அவள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறான். லக்சிகா நேரே சமையலறைக்குப் போய் வேர்க்டொப்பைத் தடவினாள்.

"அன்ரி, இதில மூட்டு எங்க? ஒரே பலகையோ?"

"தேடிப் பாருமன்" என்றேன்.

அவள் குனிந்து தேடினாள். அகப்படவில்லை. அவர் வாசலில் நின்று சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது சிவந்திருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

வீடு விலைப்பட்டுவிட்டது, லக்சிகாவும் நிமலனும்தான் வாங்குகிறார்கள். ஆரணிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "இப்ப சந்தோசமோ அம்மா?" என்று கேட்டாள். களைப்பாக இருக்கிறது என்றேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

வீட்டை எழுதிக் கொடுக்கிற சட்டத்தரணி வேலை இழுபடுகிறது. புது மூலையில் சமைக்க முதலில் பயமாக இருந்தது. மஞ்சள் கறை பட்டால் என்ன செய்வது என்று பேப்பர் விரித்துச் சமைத்தேன். இப்போது கை பழகிவிட்டது. பழகினதும் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

அவர் வேலையால் வந்ததும் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடுகிறார். முன்பெல்லாம் டிவிக்கு முன்னால்தான். போகிறபோக்கில் மூட்டை ஒருமுறை தடவிவிட்டுப் போவார். நானும் அப்படித்தான், ஆனால் அவர் இல்லாத நேரம்.

மே 18, ஞாயிறு

லக்சிகா போன் எடுத்தாள். சாவி வாங்குகிற வெள்ளிக்கிழமையே நாள் நல்லாயிருக்கிறதாம், அன்றைக்கே பால் காய்ச்சப் போகிறார்களாம்.

"அன்ரி, நீங்களும் அங்கிளும் சோடியா நிண்டு அடுப்பை மூட்டித் தரோணும். எங்கட அம்மா அப்பா ஊரில. நீங்கள் நல்லா வாழ்ந்த வீடெண்டு வந்த அண்டைக்கே எங்களுக்கு விளங்கினது."

ஓம் பிள்ளை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.  வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் என்னத்தைச் சொல்வது? அவரிடம் சொன்னேன்.

"பொய்யெல்லோ அது" என்றார்.

"அப்ப நீங்கள் எடுத்துச் சொல்லுங்கோ."

சொல்லவில்லை. வெள்ளை வேட்டி எந்தப் பெட்டிக்குள் என்று கேட்டார்.

மே 23, வெள்ளி

பால் காய்ச்சினோம்.

சாமான்கள் எல்லாம் ஏற்றிவிட்டதால் வீடு எதிரொலித்தது. நான் பச்சைச் சேலை, அவர் வேட்டி. லக்சிகா புதுப் பானையில் கழுத்துவரைக்கும் பாலை ஊற்றி வைத்திருந்தாள். நல்லாய்ப் பொங்க வேண்டுமாம். இவ்வளவு வேண்டாம் பிள்ளை என்றேன், கேட்கவில்லை. நாங்கள் இருவரும் கைவைத்து அடுப்பை மூட்டினோம். நிமலன் போட்டோ எடுத்தான். "அன்ரியும் அங்கிளும் மாதிரி நாங்களும் இருக்கோணும்" என்றாள் அந்தப் பெண். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது.

பால் பொங்கியது. பொங்கி, அடுப்புக் கண்ணாடியைத் தாண்டி, வேர்க்டொப்பில் இறங்கி மூலையைப் பார்த்து ஓடியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு என்ன நடந்ததென்று தெரியாது. சேலைத் தலைப்போடு பாய்ந்து மூட்டின்மேல் கையை வைத்துவிட்டேன். அதே நேரம் அவரும் வேட்டிச் சால்வையோடு பாய்ந்து கையை வைத்தார். பால் சுட்டது. இருவரும் எடுக்கவில்லை.

"ஐயோ துடைக்காதேங்கோ அன்ரி, பொங்கினது வழியட்டும்" என்றாள் லக்சிகா. பிறகு எங்கள் கையைப் பார்த்தாள். "ஓ, இதிலயோ மூட்டு? அங்கிள், நீங்கள் செய்ததோ? கெட்டிக்காரன்."

"நான் கீழ கிடந்து முறுக்கினது மட்டும்தான்" என்றார். "மட்டம் பாத்தது இவ. இவவின்ர விரல் இல்லாட்டி இது இப்பிடி வந்திராது. சுவர் கோணல், பிள்ளை. நான் பயத்தில இவ்வளவு காலமும் தொடாமல் விட்டனான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பால் சுட்டது என்று சொன்னேன். லக்சிகா ஓடிப்போய்ப் பைப்பைத் திறந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வானில் என் பெட்டிகளோடு ரேனர்ஸ் லேனுக்குக் கொண்டுவந்து விட்டார். அவருடைய பெட்டிகள் வெம்பிளியில் எடுத்திருக்கும் அறைக்கு. இங்கே சமையலறை ஒராள் நிற்கிற அளவு. வேர்க்டொப் ஒரே துண்டு, மூட்டு இல்லை. ஆனால் சுவரோடு சேருகிற இடத்தில் விரல் போகிற இடைவெளி. அவர் பார்த்தார். மூலைமட்டம் தேவைப்படவில்லை, சுவர் கோணலென்று எனக்கே தெரிந்தது.

"தண்ணி இறங்கப்போகுது" என்றார்.

"பறவாயில்லை, விடுங்கோ. நான் ஆரையும் பிடிச்சுச் செய்விக்கிறன்."

கீழே போனார். போய்விட்டார் என்று நினைத்தேன். வானில் கிடந்த, இடைவெளி அடைக்கிற சிலிக்கன் பசைக் குழாயோடு திரும்பி வந்தார். வெள்ளை. வேர்க்டொப் கபில நிறம்.

"நிறம் பொருந்தாது" என்றார். "நேராவும் வராது. சுவர் மோசம்."

"வராட்டிப் பறவாயில்லை."

வேட்டியோடு குனிந்து ஒரு கோடு இழுத்தார். கோணிக்கொண்டு போனது. நடுவில் தடித்து, ஓரத்தில் மெலிந்து. விரலால் அமத்தி விட்டார், இன்னும் பழுதானது. துடைத்துவிட்டுத் திரும்ப இழுப்பார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். இழுக்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"மாமின்ர செத்தவீட்டுக்கு நான் வந்திருக்கோணும். என்ன சொல்லுறதெண்டு தெரியேல்ல, உம்மட முகத்தைப் பாத்து என்ன சொல்லுறதெண்டு தெரியேல்ல. அதாலதான் வரேல்ல. பிறகும் ஒண்டும் சொல்லேல்ல. தெரியாட்டியும் வந்திருக்கோணும்."

இந்த முறை நான் மறிக்கவில்லை.

"ஓம்" என்றேன். "வந்திருக்கோணும்."

தலையாட்டினார். "ரெண்டு நாளைக்குத் தண்ணி படவிடாதையும். காயோணும்." குழாயை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். நான் கூப்பிடவில்லை. ஜன்னலால் பார்த்தேன். வான் கனநேரம் வெளிக்கிடாமல் நின்றது, பிறகு போனது.

மே 24, சனி

பெட்டி பிரித்தேன். சட்டி ஒன்று, கோப்பை ஒன்று. அந்த வெள்ளைக் கோடு கண்ணில் குத்துகிறது. இந்த மனிதர் வாழ்க்கையில் செய்த வேலையிலேயே ஆக மோசமான வேலை இதுவாகத்தான் இருக்கும். தேத்தண்ணிக் கோப்பையை அதற்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன்.

மே 25, ஞாயிறு

காலையில் போன் வந்தது.

"சிலிக்கன் காஞ்சிட்டுதோ?" என்று கேட்டார்.

விரலை வைத்துப் பார்த்தேன்.

"இன்னும் இல்லை. ஒருக்கா வந்து பாருங்கோ" என்றேன்.

நேற்றே காய்ந்துவிட்டது.